நாற்பது பக்க நோட்டில் எனக்கு இரண்டு பக்கம்

நான் காதலித்தவன் பல பெண்களை ஏமாற்றிய மோசடிக்காரன் என்று தெரிந்தபோது, “உங்களுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்?” என்று போலீஸ்காரர் கேட்டார், வங்கி மேலாளர் கேட்டார், என்னோடு வேலை பார்க்கும் நர்ஸ் கேட்டார், ஊரிலிருந்து துக்கம் விசாரிப்பது போல வந்த பெரியம்மா காபியை ஆற்றிக்கொண்டே கேட்டார். கேட்கும்போதே அவர்கள் முகத்தில் ஒரு தெம்பு வந்துவிடும். நமக்கென்றால் தெரிந்திருக்கும் என்கிற தெம்பு. அவர்களுக்குப் பதில் சொல்லி ஓய்ந்துவிட்டேன். இதை எழுதுவது வேறு ஆட்களுக்காக: இப்போது யாருடனோ மனம் விட்டுப் பழகிக்கொண்டிருக்கிறவர்களுக்காகவும், பழகிய ஆள் யார் என்று நேற்றுத்தான் தெரிந்து இடிந்துபோய் உட்கார்ந்திருக்கிறவர்களுக்காகவும்.

நான் திருச்சியில் ஒரு மருத்துவமனையின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். விவாகரத்து ஆனவள், ஒரு மகள். 2017இல் மறுமணத்துக்கான திருமணத் தகவல் தளம் ஒன்றில் அம்மாதான் என் பெயரைப் பதிந்துவைத்தார். அதில் வந்த வரன்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அது தெரியாவிட்டால் பின்னால் நடந்தது புரியாது. “குழந்தையைப் பாட்டியிடம் விட்டுவிடலாம் அல்லவா?” என்று கேட்டவர்கள் பாதிப் பேர். சம்பளம் எவ்வளவு, வீடு யார் பெயரில் இருக்கிறது என்று முதல் அழைப்பிலேயே கேட்டவர்கள் மீதிப் பேர். ஐம்பதைத் தாண்டிய ஒருவர், “உங்கள் பெண்ணுக்கு இதைவிட நல்ல இடம் வராது” என்று அம்மாவிடமே சொன்னார். அவர் நல்லவர், போலீஸ் வழக்கு எதுவும் இல்லாதவர். அதையும் சேர்த்தே சொல்கிறேன்.

நான் காதலித்தவரும் அதே தளத்தில் வந்தவர்தான். முதல் அழைப்பில் அவர் கேட்டது மகளின் பெயரை. இரண்டாவது அழைப்பில், அவளுக்கு எந்தப் பாடம் பிடிக்கும் என்று கேட்டார். சரக்குக் கப்பலில் இன்ஜினியர், தூத்துக்குடிப் பக்கம் சொந்த ஊர், முதல் திருமணம் ஒரு வருடத்தில் முறிந்தது, குழந்தை இல்லை என்றார். மூன்று நான்கு மாதம் கடலில் இருப்பார், பிறகு கரைக்கு வருவார். வந்தால் வீட்டுக்கு வந்து அம்மாவோடு உட்கார்ந்து வாழைப்பூ ஆய்ந்துகொடுப்பார். நரம்பை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு, விரல் கறுக்காமல் இருக்க எண்ணெய் தடவிக்கொள்ளும் ஆண்மகனை என் அம்மா அதுவரை பார்த்ததில்லை. “தம்பிக்கு என்ன குறை?” என்பதுதான் அதன்பிறகு வீட்டில் பேச்சு. எனக்கும் அவர்மேல் காதல்தான். முப்பத்தைந்து வயதில், ஒரு முறை அடிபட்ட பிறகு வருகிற காதல். அதைச் சொல்ல இன்றும் எனக்கு வெட்கம் இல்லை.

ஒரு முறை சிங்கப்பூரிலிருந்து வருவதாகச் சொல்லி நீலத் தகர டப்பாவில் பட்டர் பிஸ்கட் கொண்டுவந்தார். அடியில் திருப்பிப் பார்த்தேன். மும்பை இறக்குமதியாளரின் முகவரியும் ரூபாயில் விலையும் ஒட்டியிருந்தன. “சிங்கப்பூரில் ரூபாயா செல்லுகிறது?” என்று கேட்டேன். கொஞ்சமும் முகம் மாறவில்லை. வாய்விட்டுச் சிரித்து, “கப்பலை விட்டு இறங்க நேரமே கிடைக்கவில்லை. சென்னை பர்மா பஜாரில் வாங்கினேன். குழந்தையிடம் சொல்லிவிடாதீர்கள்” என்றார். அன்றோடு எனக்கிருந்த மிச்சசொச்சத் தயக்கமும் போனது. மாட்டிக்கொண்டதும் உடனே ஒப்புக்கொள்கிற ஆள் பொய்யராக இருக்க முடியாது என்று எனக்குத் தோன்றியது. யாருக்கும் அப்படித்தான் தோன்றும். சின்னப் பொய்யை வெளியே விட்டால் பெரிய பொய்யை யாரும் தட்டிப் பார்க்க மாட்டார்கள் என்பது அவருடைய தொழில் ரகசியம்.

பணம் கேட்கவில்லை, முதலில் கொடுத்தார். மகளின் ஒரு பருவத்துப் பள்ளிக் கட்டணத்தை, வேண்டாம் என்று சொல்லியும் கட்டினார். பிறகு, நண்பர்களிடமிருந்து வர வேண்டிய பணத்தை என் கணக்கில் போடச் சொல்வதாகவும், தன் கணக்கு வெளிநாட்டு இந்தியர் கணக்கு என்பதால் அதில் ரொக்கம் வாங்குவது சிக்கல் என்றும் சொன்னார். பணம் வந்தது, எடுத்துக் கொடுத்தேன். அதற்கும் பிறகுதான் பதவி உயர்வுத் தேர்வுக்கான பயிற்சிக் கட்டணம் என்று சொல்லி நகை. ஒன்பது பவுன். கேட்கக்கூட இல்லை, தன் மோதிரத்தை விற்கப் போவதாகச் சொன்னார், நானாக எடுத்துக் கொடுத்தேன்.

ஒரு மாதக் கடைசியில் ஏடிஎம்மில் பணம் வரவில்லை. வங்கிக்குப் போனால், வேறொரு மாவட்டத்தின் குற்றப்பிரிவிலிருந்து கடிதம் வந்திருக்கிறது, உங்கள் கணக்கு முடக்கப்பட்டிருக்கிறது என்றார்கள். என் சம்பளக் கணக்கு அது. வேறொரு பெண், இதே கப்பல் இன்ஜினியருக்கு வேறொரு பெயரில் அனுப்பிய பணம் என் கணக்கு வழியாகப் போயிருந்தது. அந்தப் பெண்ணின் புகாரில் அவனுக்கு அடுத்தபடியாக என் பெயர். ஆக, காதலித்தவள் முதலில் பாதிக்கப்பட்டவளாகக் காவல் நிலையம் போகவில்லை, உடந்தையாகப் போனாள். அடுத்த வாரம் செய்தித்தாள்களில் ‘கல்யாண மன்னன் கைது’ என்று வந்தது. எனக்குத் தெரிந்த பெயர் அதில் இல்லை. படம் மட்டும் அவனுடையது.

விசாரணையில் இன்ஸ்பெக்டர் அம்மா ஒரு நோட்டை மேஜையில் வைத்தார். பள்ளிப் பிள்ளைகள் வாங்கும் நாற்பது பக்கக் கோடு போட்ட நோட்டு, பழுப்பு அட்டை. ஒவ்வொரு பெண்ணுக்கும் இரண்டு பக்கம். என் பக்கத்தில் என் பெயருக்குக் கீழே: மகள் பிறந்தநாள், கணக்கு வராது, தமிழ் பிடிக்கும். அம்மா முழங்கால், இடது. டீயில் ஏலக்காய் கூடாது. முதல் கணவன் பற்றிக் கேட்காதே, அவளே சொல்வாள். வலது ஓரத்தில் பவுன் கணக்கு. பேனா மை மாறி மாறி, நாள் நாளாகச் சேர்த்திருக்கிறான். எதிர்ப்பக்கத்தில் ‘பிஸ்கட் ஸ்டிக்கர் பார்த்தாள். கவனம்’ என்று இருந்தது. எழுத்து அழகான எழுத்து. இன்ஸ்பெக்டர் அம்மா எதுவும் சொல்லாமல் மின்விசிறியை வேகமாக வைத்தார்.

என்னிடம் அன்பு காட்டியதற்கு அடையாளம் என்று நான் எதையெல்லாம் வைத்திருந்தேனோ, அவ்வளவும் அந்த நோட்டில் இருந்தது. ஆகவே, ‘அடையாளங்களைக் கவனியுங்கள்’ என்று எழுதப்படும் கட்டுரைகள்மேல் எனக்கு நம்பிக்கை இல்லை. அதிகமாகக் கோபப்படுவான், குடும்பத்தாரிடமிருந்து பிரிப்பான், பணத்திலேயே கண்ணாக இருப்பான் என்று பட்டியல் போடுகிறார்கள். அந்தப் பட்டியல் நான் முதலில் மணந்த, சட்டப்படி எந்தக் குற்றமும் செய்யாத மனிதருக்குத்தான் அச்சாகப் பொருந்துகிறது.

இதைவிடப் பயங்கரமான ஆட்களோடு வாழ்ந்தவர்களின் கதைகளைப் பிறகு தேடித் தேடிப் படித்தேன். தூக்கம் வராதவளுக்கு வேறென்ன வேலை? அமெரிக்காவின் கன்சாஸ் மாகாணத்தில் விசிட்டா என்ற ஊரில் டென்னிஸ் ரேடர் என்பவன் 1974க்கும் 1991க்கும் இடையில் பத்துப் பேரைக் கொன்றான். 1971இல் திருமணம் செய்தவன்; இரண்டு பிள்ளைகள்; தேவாலயக் குழுவின் தலைவர். 2005 பிப்ரவரியில் அவன் கைதானபோது மனைவிக்கு அவனோடு முப்பத்துமூன்று வருட வாழ்க்கை. போலீஸ் அவனைப் பிடித்தது குணத்தைப் படித்து அல்ல. அவன் அனுப்பிய ஒரு கணினித் தகட்டில், அழிக்கப்பட்ட கோப்பின் மிச்சத்தில் தேவாலயத்தின் பெயரும் ‘டென்னிஸ்’ என்ற பெயரும் ஒட்டிக்கொண்டிருந்தன. வாஷிங்டன் மாகாணத்தில் கேரி ரிட்ஜ்வே 2003இல் 48 கொலைகளை ஒப்புக்கொண்டான். 1988இல் அவனை மணந்து 2001இல் கைதாகும்வரை கூட வாழ்ந்த மனைவிக்கு அவன் ஒரு குறையும் வைக்காத கணவன். இந்தப் பெண்களையும் உலகம் அதே கேள்வியைத்தான் கேட்டது.

இப்படிப்பட்டவர்களோடு பழகிய பெண்களில் ஒருத்திக்குச் சந்தேகம் வந்தது. பல பெண்களைக் கொன்ற டெட் பண்டியோடு சியாட்டிலில் பல வருடம் பழகிய எலிசபெத் க்ளோஃபர், 1974இல் பெண்கள் காணாமல் போன செய்திகளில் வந்த, தேடப்படும் ஆளின் கோட்டோவியம், ‘டெட்’ என்ற பெயர், ஃபோக்ஸ்வேகன் கார் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்துப் போலீசுக்கே சொன்னாள். அவனுடைய அறையில் மாவுக்கட்டுப் போடும் பொடி இருந்ததும் அவளுக்கு உறுத்தியது. ஆயிரக்கணக்கான பெயர்கள் வந்துகொண்டிருந்த பட்டியலில், சட்டம் படிக்கப்போகிற, பழைய வழக்கு எதுவும் இல்லாத இளைஞனின் பெயர் கீழே போய்விட்டது. உள்ளுணர்வு சொல்லும், அதைக் கேள் என்கிறார்கள். அவள் கேட்டாள். அதிகாரிகள்தான் கேட்கவில்லை.

ஆனால் என்னைத் தூங்கவிடாமல் செய்தது வெளிநாட்டுக் கதை எதுவும் அல்ல. பக்கத்து மாநிலத்துக் கதை. தட்சிண கன்னடத்தில் மோகன் குமார் என்ற முன்னாள் தொடக்கப்பள்ளி ஆசிரியர். ‘சயனைடு மோகன்’ என்றால் அங்கே எல்லோருக்கும் தெரியும். இருபது பெண்களைக் கொன்றதாக வழக்குகள். பெரும்பாலும் ஏழை வீட்டுப் பெண்கள். வரதட்சணை கொடுக்க வழியில்லாமல் கல்யாண வயது கடந்துகொண்டிருந்தவர்கள். வரதட்சணையே வேண்டாம், கோயிலில் தாலி கட்டிக்கொள்ளலாம் என்பான். வெளியூருக்குக் கூட்டிப்போய் ஒரு லாட்ஜில் தங்குவான். மறுநாள் காலை நகையைக் கழற்றி அறையில் வைத்துவிட்டு வரச் சொல்லிப் பேருந்து நிலையத்துக்கு அழைத்துவந்து, கர்ப்பம் தரிக்காமல் இருக்க மாத்திரை என்று ஒன்றைக் கொடுப்பான். வயிற்றைப் புரட்டும், கழிவறைக்குள் போய்ப் போட்டுக்கொள் என்பான். உள்ளே தாழிட்ட கதவுக்குப் பின்னால் பட்டுப்புடவையோடு ஒரு பெண் செத்துக் கிடப்பாள். அவன் லாட்ஜுக்குப் போய் நகையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவான். மடிக்கேரியில், மைசூரில், பெங்களூரில், ஹாசனில் இப்படிக் கிடந்த உடல்கள் அடையாளம் தெரியாத தற்கொலைகளாக ஏட்டில் ஏறின. ஓர் ஊரின் ஏட்டை இன்னோர் ஊரின் ஏட்டோடு யாரும் வைத்துப் பார்க்கவில்லை. 2009இல் காணாமல் போன ஓர் இளம்பெண்ணுக்காக ஊர் மக்கள் திரண்டு போராடிய பிறகுதான் தொலைபேசி அழைப்புகளைத் துருவினார்கள். ஓர் எண் அடுத்த எண்ணைக் காட்ட, காணாமல் போன வேறு பெண்களின் பெயர்கள் வரிசையாக வந்தன. அந்த அக்டோபரில் கைதானான். 2013இல் மங்களூரு நீதிமன்றம் முதல் வழக்குகளில் தூக்குத் தண்டனை விதித்தது.

அந்தப் பெண்கள் ஏமாளிகள் என்று பேசுவதைக் கேட்டிருக்கிறேன். ஏன் ஏமாளிகள்? சீர் கேட்காத மாப்பிள்ளை வேண்டும் என்று நினைத்தது தவறா? ஊரில் உள்ள நல்ல மனிதர்கள் எல்லோரும் பவுன் கேட்டார்கள். கொலைகாரன் ஒருவன்தான் கேட்கவில்லை. 2022இல் ஒடிசாவில் கைதானவன் மருத்துவர் என்று சொல்லிக்கொண்டு ஏழு மாநிலங்களில் பதினான்கு பெண்களை மணந்ததாகப் போலீஸ் சொன்னது. அவர்களோ நன்றாகப் படித்த, நடுவயதுப் பெண்கள்; பலர் விவாகரத்தானவர்கள். சயனைடு மோகன் வலைவீசிய பெண்களுக்கும் இவர்களுக்கும் படிப்பில், பணத்தில் எந்த ஒற்றுமையும் இல்லை. மற்றவர்கள் தர மறுத்த ஏதோ ஒன்றைத் தருவதாக ஒருவன் வந்தான், அது மட்டும் பொது. எனக்கு வந்தவன் என் மகளின் பெயரைக் கேட்டான்.

எனவே ஆளைப் படிக்காதீர்கள், ஆவணத்தைப் படியுங்கள். அந்த ஆவணமும் அவர் கையிலிருந்து வந்ததாக இருக்கக் கூடாது. என் பக்கத்திலிருந்து நாங்கள் ‘விசாரித்தோம்’. அவர் கொடுத்த எண்ணில் அவருடைய சித்தப்பாவிடம் பேசினோம். அவர் கொடுத்த எண்ணில் கப்பல் நிறுவன மேலாளரிடம் பேசினோம். இரண்டு குரலும் ஒரே கூலி ஆளுடையது என்று பிறகு தெரிந்தது. அவர் காட்டிய விவாகரத்துத் தீர்ப்பு, முத்திரையெல்லாம் விழுந்த ஜெராக்ஸ். அதில் உள்ள வழக்கு எண்ணை, நீதிமன்ற வழக்குகளின் விவரம் தரும் ‘ஈகோர்ட்ஸ்’ இணையதளத்தில், சம்பந்தப்பட்ட நீதிமன்றத்தைத் தேர்ந்து போட்டுப் பார்க்க ஐந்து நிமிடம் ஆகும். கைதுக்குப் பிறகு நான் போட்டுப் பார்த்தேன். யாரோ இருவருடைய வாடகைத் தகராறு வந்தது.

மறுமணத்தில் இது ஒன்றையாவது செய்யுங்கள். தீர்ப்பின் ஜெராக்ஸ் போதாது. நீதிமன்றம் முத்திரையிட்டுத் தரும் சான்றிட்ட நகல் வேண்டும். வழக்கு எண்ணையோ, ஒவ்வொரு வழக்குக்கும் தனியாகத் தரப்படும் பதினாறு இலக்க சி.என்.ஆர். எண்ணையோ நீங்களே தளத்தில் போட்டுப் பாருங்கள். சில குடும்ப வழக்குகளில் பெயர்கள் மறைக்கப்பட்டிருக்கலாம். அப்போது ஒரு வழக்கறிஞரை வைத்து நீதிமன்ற அலுவலகத்தில் கேட்கலாம். அதே தளத்தில் அவருடைய பெயரையும் போட்டுத் தேடலாம். எழுத்துக்கூட்டலை மாற்றி மாற்றிப் போட வேண்டியிருக்கும், பொறுமை வேண்டும்.

தொழிலுக்குத் தொழில் ஒரு பதிவேடு இருக்கிறது. இந்தியக் கப்பல் பணியாளர்களுக்கு ‘இண்டோஸ்’ எண் என்று ஒன்று உண்டு. கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்தின் தளத்தில் அந்த எண்ணையும் பிறந்த தேதியையும் கொடுத்தால் ஆள் உண்டா இல்லையா என்று தெரிந்துவிடும். மாலுமிகள் குடும்பத்தில் இது சாதாரண விஷயமாம். திருச்சியில் ரத்தக் குப்பியோடு உட்கார்ந்திருக்கிறவளுக்கு யார் சொன்னார்கள்? மருத்துவர் என்றால் மருத்துவ ஆணையத்தின் பதிவேடு. ஆடிட்டர் என்றால் அவர்களுடைய கழகத்தின் உறுப்பினர் பட்டியல். நிறுவனம் நடத்துகிறேன் என்றால் நிறுவன விவகார அமைச்சகத்தின் தளம். சொந்த வீடு என்று ஒரு வீட்டைக் காட்டினால் தமிழகத்தில் பதிவுத்துறைத் தளத்திலேயே வில்லங்கம் பார்க்கலாம். வேலை பார்க்கும் இடத்துக்கு அவர் தரும் எண்ணில் கூப்பிடாமல், நிறுவனத்தின் எண்ணை நீங்களே தேடிக் கூப்பிடுங்கள். வீட்டுக்கு ஒரு முறையாவது சொல்லாமல் போங்கள், எதிர்வீட்டுக்காரரிடம் பேசுங்கள். தெருமுனை மளிகைக்கடைக்காரருக்குத் தெரியாத குடித்தனம் எந்த ஊரிலும் இல்லை.

பணத்தில் என் அனுபவம் ஒரே ஒரு கட்டளையைத்தான் தருகிறது. உங்கள் வங்கிக் கணக்கு, உங்கள் பெயரில் சிம், உங்கள் ஆதார், உங்கள் பெயரில் அடகு, உங்கள் பெயரில் கடன்: ஐந்தில் எதையும் தராதீர்கள். கையில் இருந்த பத்தாயிரத்தைக் கொடுத்து ஏமாந்தால் பத்தாயிரத்தோடு போகும். கணக்கைக் கொடுத்தால் நீங்களும் வழக்கில் எதிரி, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர். காதலன் என்ன, தாலி கட்டிய கணவனே ஆனாலும், யாரோ ஒருவரின் பணம் என் கணக்கில் வந்து போவதற்கு நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

இனி, எல்லாம் வெடித்த பிறகு. இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் கை பரபரவென்று செய்யத் துடிக்கும் காரியம், அவன் அனுப்பிய செய்திகள், படங்கள் எல்லாவற்றையும் அழிப்பது. அழிக்காதீர்கள். அருவருப்பாக இருந்தால் தோழியிடம் கைப்பேசியைக் கொடுத்து நகலெடுக்கச் சொல்லுங்கள். பணம் எந்தத் தேதியில் வந்தது, எந்தத் தேதியில் எடுத்தேன், அன்று அவன் என்ன செய்தி அனுப்பினான் என்று மூன்றையும் வரிசைப்படுத்தித் தாளில் எழுதியதுதான் என்னைக் காப்பாற்றியது. ‘நாளை ஒரு நண்பர் போடுவார், எடுத்துத் தந்துவிடு கண்ணம்மா’ என்ற செய்தியை அழித்திருந்தால், நானும் ஓர் எதிரியாக இன்று கூண்டில் நின்றிருப்பேன். சாட்சியாக நிற்கிறேன்.

விசாரணைக்குக் கூப்பிட்டால் அலறியடித்துக்கொண்டு இரவில் ஓட வேண்டாம். சாட்சியாக விசாரிக்கப்படும் பெண்ணை அவள் வசிக்கும் இடத்திலேயே விசாரிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 160ஆம் பிரிவு, 2024 ஜூலை முதல் புதிய சட்டத்தில் 179. எழுத்தில் சம்மன் கேளுங்கள். போலீஸ் பதிவு செய்யும் சாட்சி வாக்குமூலத்தில் கையெழுத்துப் போடத் தேவையில்லை. என்னிடம் கேட்டார்கள், வழக்கறிஞர் தடுத்தார். சூரியன் மறைந்த பிறகு பெண்ணைக் கைது செய்ய, விதிவிலக்கான சூழலும் மாஜிஸ்திரேட்டின் அனுமதியும் பெண் அதிகாரியும் வேண்டும். இதையெல்லாம் நானே வாதாடவில்லை. வழக்கறிஞர் வைக்கக் காசில்லையே என்று அழுதுகொண்டிருந்தபோது, பக்கத்து இருக்கையில் இருந்த பெண் காவலர்தான் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போகச் சொன்னார். நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கும். பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவசமாக வழக்கறிஞர் தர வேண்டும் என்பது 1987ஆம் ஆண்டுச் சட்டம். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். எனக்கு வந்தவர் சிறு வயதுப் பெண். என் முதல் விவாகரத்துக்கு நான் காசு கொடுத்து வைத்தவரைவிடப் பத்து மடங்கு உழைத்தார்.

பணம் அண்மையில்தான் போயிற்று என்றால் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை உடனே அழையுங்கள். நாள் கடந்தால் பணம் நான்கு கணக்கு தாண்டிப் போயிருக்கும். என் காலத்தில் அந்த எண் இல்லை.

நகை விஷயம் தனிக்கூத்து. அடகுக்கடைகளிலிருந்து போலீஸ் மீட்ட நகைகளை ஒரு நாள் மேஜையில் பரப்பி, உங்களுடையது எது என்று கேட்டார்கள். கண்ணால் பார்த்தால் எல்லாம் ஒன்றுபோல இருக்கிறது. நெளி மோதிரம் யாரிடம் இல்லை? வாங்கிய ரசீது இருந்தால் நல்லது. எங்கள் வீட்டில் அம்மாவின் பழைய நகையை அழித்துச் செய்தது, ரசீது கிடையாது. என் தம்பியின் கல்யாண ஆல்பம்தான் கைகொடுத்தது. தாம்பூலம் கொடுக்கக் குனியும்போது எடுத்த படத்தில் ஆரத்தின் பதக்கத்தில் ஒரு கல் இல்லாமல் இருந்தது. மேஜையில் இருந்த ஆரத்திலும் அதே இடத்தில் கல் இல்லை. வழக்கு முடியும்வரை காத்திருக்கத் தேவையில்லை. இடைக்காலமாக நகையைத் திருப்பித் தரச் சொல்லி மாஜிஸ்திரேட்டிடம் மனுப் போடலாம். பிணைப் பத்திரம் கேட்பார்கள், விற்கக் கூடாது என்பார்கள், கூப்பிட்டபோது கொண்டுவந்து காட்டச் சொல்வார்கள். ஒன்பது பவுனில் ஐந்து இப்படித் திரும்பி வந்தது.

பிறகு ஒரு நாள் அவனுடைய அண்ணன் வந்தான். நிஜமான அண்ணன். பாதிப் பணத்தைத் தருகிறோம், சமாதானமாகப் போகலாம் என்றான். ஏமாற்றியது தொடர்பான வழக்கில் நீதிமன்ற அனுமதியோடு சமாதானமாகப் போக வழி உண்டு. அப்படிப் போனவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். எங்களில் ஒருத்திக்கு மகனின் கல்லூரிக் கட்டணம் அவசரம், போனாள். வெள்ளைத் தாளில் கையெழுத்து மட்டும் போடக் கூடாது. பணத்தை வங்கி வழியாக வாங்கி, வழக்கறிஞர் முன்னிலையில் எழுத வேண்டும். இன்னொன்றும் உண்டு. 2024 ஜூலைக்குப் பிறகு நடந்த சம்பவம் என்றால், மணக்கும் எண்ணமே இல்லாமல் திருமண ஆசை காட்டியோ அடையாளத்தை மறைத்து மணந்தோ உடலுறவு கொண்டதற்குப் புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 69ஆம் பிரிவில் பத்து ஆண்டு வரை தண்டனை இருக்கிறது. முந்தைய திருமணத்தை மறைத்துத் தாலி கட்டினால் அதற்கும் பத்து ஆண்டு வரை. எது பொருந்தும் என்பதைப் புகார் எழுதும் முன் வழக்கறிஞரிடம் கேளுங்கள். எங்கள் புகார்களை அவசரமாக எழுதியதில் பாதி விஷயம் விட்டுப்போய், குற்றப்பத்திரிகை வந்தபிறகு அலைந்தோம்.

சட்டம் கடந்த ஒன்றும் இருக்கிறது. அவன் கைதாகிப் பல மாதம் எனக்கு அவன் நினைவாகவே இருந்தது. நோட்டைக் கண்ணால் பார்த்த பிறகும்தான். மாலை ஆறரைக்குக் கைப்பேசி ஒலித்தால் வயிற்றில் ஏதோ செய்யும். புருஷன் செத்தால் அழ விடுகிறார்கள். ஓடிப்போனால்கூட அழ விடுகிறார்கள். இப்படிப்பட்டவனுக்காக அழுதால் உனக்குப் புத்தி இருக்கிறதா என்கிறார்கள். இருந்த ஆளுக்காக நான் அழவில்லை, இல்லாத ஆளுக்காகத்தான் அழுதேன். இதைப் புரிந்துகொண்டவர்கள் வழக்கில் இருந்த மற்றப் பெண்கள் மட்டுமே. முதல் வாய்தாவில் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டு தனித்தனி பெஞ்சில் உட்கார்ந்தோம். என் மகளின் பள்ளிக் கட்டணம் அவர்களில் ஒருத்தியின் வளையல் என்று தெரிந்தபோது நான் அவளுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக் கொடுத்தேன். இப்போது வாய்தாவுக்குச் சேர்ந்தே ஆட்டோ பிடிக்கிறோம். அவளுக்கு அவன் வாழைப்பூ ஆய்ந்ததில்லையாம். மாவு அரைத்துக் கொடுத்தானாம்.

மகளுக்கு உண்மையைச் சொன்னேன். அந்த மாமா பொய் சொல்லி எல்லோரிடமும் பணம் வாங்கியவர், இனி வர மாட்டார் என்று அவள் வயதுக்குத் தக்கபடி. கப்பலில் போய்விட்டார் என்று சொல்லச் சொன்னார்கள் உறவினர்கள். வீட்டில் அந்தக் கப்பல் போதும் என்று தோன்றியது.

என்னோடு வேலை பார்க்கும் இளம்பெண் ஒருத்தி, அவளும் விவாகரத்தானவள், சமீபத்தில் ஒரு வரனைப் பற்றி வந்து கேட்டாள். “தீர்ப்பின் சான்றிட்ட நகலைக் கேட்டால் அவர் கோபித்துக்கொள்வாரோ, அக்கா?” என்றாள். கேட்டுப் பார் என்றேன். மூன்று நாள் கழித்து அவர் நகலைக் கொண்டுவந்து கொடுத்தார். வழக்கு எண்ணைத் தளத்தில் போட்டுப் பார்த்தோம், சரியாக இருந்தது. கையோடு அவளுடைய நகலையும் கேட்டிருக்கிறார். இவளிடம் இருந்தது ஜெராக்ஸ். இப்போது நீதிமன்றத்தில் விண்ணப்பம் போட்டுவிட்டுக் காத்திருக்கிறாள்.